எண்பத்தேழாம் படிவம்

கோலாலம்பூர் ஓட்டல் ஒன்றில் நடந்த மருத்துவ மாநாட்டில் டாக்டர் பிரமிளா பேசி முடித்தபோது, கைதட்டல் அவள் எதிர்பார்த்ததைவிட நீளமாக இருந்தது. அந்த நீளம்தான் முதலில் அவளை உறுத்தியது.

அவள் சொன்னது இதுதான். மாதவிடாய் நிற்கிற வயதில் பெண்களுக்கு உடம்பில் திடீரென்று அனல் பரவும், வியர்த்துக் கொட்டும், சில நிமிடத்தில் அடங்கிவிடும். எல்லா நாட்டிலும் உள்ளதுதான். ஆனால் வட சிலாங்கூர் தோட்டங்களில் அவள் விசாரித்த நூற்றுப் பதினெட்டுத் தமிழ்ப் பெண்களில் மூன்று பேர் மட்டுமே தங்களுக்கு அப்படி வந்ததாகச் சொன்னார்கள். அதே கேள்விக்குக் கோல சிலாங்கூர் பட்டணத்தில், மலாயிலும் ஆங்கிலத்திலும் பதில் சொன்ன பெண்களில் பாதிக்கு மேல் 'வருகிறது' என்றிருந்தார்கள்.

தேநீர் இடைவேளையில் ஆளாளுக்கு ஒரு காரணத்தோடு வந்தார்கள். உடல் உழைப்புதான் என்றார் ஒருவர். முருங்கைக்கீரை என்றார் இன்னொருவர். ஒரு பேராசிரியை, தோட்டத்து மக்களுக்கு மூப்பை ஏற்றுக்கொள்ளும் பக்குவம் உண்டு, நாம்தான் அதை நோயாக்கிவிட்டோம் என்று கண்கலங்கச் சொன்னார். பிரமிளா எல்லாருக்கும் தலையாட்டினாள். அவள் வளர்ந்தது சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயம் ஒன்றில். மூப்பைப் பக்குவமாக ஏற்றுக்கொண்ட ஒரு பெண்ணையாவது அங்கே பார்த்த ஞாபகம் அவளுக்கு இல்லை. ஆனால் கணக்கு அப்படிச் சொன்னது. இரண்டு முறை சரிபார்த்திருந்தாள்.

இன்னொன்றும் அவளை அரித்துக்கொண்டிருந்தது. பேச்சின் நடுவில் 'ஹார்மோன்' என்ற சொல் காணாமல் போய்விட்டது. பத்து வருடமாகத் தினமும் சொல்கிற சொல். நாலைந்து வினாடி வாயைத் திறந்தபடி நின்றாள். தண்ணீர் குடித்துச் சமாளித்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது.

பிரமிளாவின் அப்பா சிவானந்தம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டியவர். மகள் கர்நாடகத்தில் மருத்துவம் படித்துத் திரும்பினாள், கிள்ளானில் பயிற்சி முடித்தாள், பிறகு குடும்ப மருத்துவ நிபுணராகிக் கோல சிலாங்கூர் வட்டாரத்து அரசு கிளினிக் ஒன்றில் சேர்ந்தாள். ஊரில் அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பெண்களின் இந்த வயதை ஏன் ஆராயப் போனாள் என்று கேட்டால் மட்டும் அவளுக்கே பதில் தடுமாறும். நிபுணர் படிப்பின்போது ஆய்வுத் தலைப்புகளின் பட்டியல் சுற்றுக்கு வந்தது. அன்று ஈஜோக் பக்கத்தில் அவள் கார் டயர் வெடித்துவிட்டது. அவள் போய்ச் சேர்வதற்குள் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் தடுப்பூசியையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்ததை இவள் எடுத்தாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், மாற்றவில்லை. நாற்பத்தைந்து தாண்டிய பெண் கிளினிக்குக்கு வந்தால் சர்க்கரையையும் பிரஷரையும் தவிர யாரும் எதையும் கேட்பதில்லை என்பதை ஒருமுறை கவனித்தபின் அவளால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. அது அக்கறையா வீம்பா என்று அவள் ஆராய்ந்து பார்த்ததும் இல்லை.

கேள்விப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, மலாயிலும் இருந்தது. தமிழில் அவள்தான் உண்டாக்க வேண்டியிருந்தது. கணவன் லோகேஸ்வரன் இடைநிலைப் பள்ளியில் தமிழாசிரியர். மூன்று நாள் யோசித்து அந்த அனலுக்கு 'வெப்பப் பாய்ச்சல்' என்று பெயர் வைத்தார். அதை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னார்கள். அட்சரம் பிசகாமல் மூலச் சொல்லே திரும்பி வந்தது. ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்தது.

தோட்டம் தோட்டமாகப் போய்க் கேள்வி கேட்டவள் கிளினிக் தாதி சபுரா. தஞ்சோங் காராங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சேக் பரீதுவின் மகள், முப்பத்து நாலு வயது. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறவள். அவள் நிரப்பிய படிவங்களில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது.

மாநாடு முடிந்து வந்த வாரங்களில் பிரமிளாவுக்குச் சொற்கள் மேலும் தொலைய ஆரம்பித்தன. தினமும் எழுதிக்கொடுக்கும் மாத்திரையின் பெயர் எழுதும்போதே நழுவியது. ஒரு நாள் புக்கிட் பெலிம்பிங் வீட்டுக்குத் திரும்பும் சந்திப்பில் காரை நிறுத்திக் காரணமே இல்லாமல் அழுதாள். கிளினிக் அறையில் ஏர்கோன் வேலை செய்யவில்லை என்று நாலு தடவை புகார் கொடுத்தாள். நாலு தடவையும் பழுது பார்க்கிறவர் வந்து, கையை நீட்டிப் பார்த்து, "நல்லாதான் இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். தனக்கு இளவயதிலேயே மறதி நோய் வருகிறதோ என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யாருக்கும் சொல்லாமல் கிள்ளானில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போய் மூளையை ஸ்கேன் எடுத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. "வேலப்பளு அதிகமா டாக்டர்?" என்று அந்த இளைஞர் கேட்டார். "ஆமாம்" என்றாள். அவருக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. மாதவிடாய் அவளுக்கு இன்னும் வந்துகொண்டுதானே இருந்தது.

ஜூன் மாத நடுவில் கண்மணி வந்தாள்.

கண்மணிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஹேசல்டன் தோட்டத்தில் முதுகில் டாங்கியைச் சுமந்து செம்பனை மரத்தடிப் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. கனத்த உடம்பு, பத்து வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாள், மாத்திரை வாங்குவாள், போய்விடுவாள். அன்று மாத்திரை எழுதியான பிறகும் எழுந்திருக்கவில்லை.

"வேற ஏதாச்சும் இருக்காக்கா?" என்று பிரமிளா கேட்டாள்.

கண்மணி கதவைப் பார்த்தாள். ஓரத்தில் பிரஷர் கருவியைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்த சபுராவைப் பார்த்தாள். "மிஸ்ஸி இருக்கட்டும், பரவால்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு குனிந்தாள்.

"டாக்டரம்மா, வெக்கத்த விட்டு ஒன்னு கேக்கட்டா? புள்ள நிக்குமா?"

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான்."

பிரமிளா சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாத முகமாக அது இருந்தது. "உங்களுக்கு அம்பத்திரெண்டு ஆவுதேக்கா."

"தெரியும் லா டாக்டரம்மா. ஆனா எனக்குத்தான் திரும்பி வந்துடுச்சே."

"என்ன திரும்பி வந்துச்சு?"

"தூரம். நாப்பத்தெட்டுல நின்னுச்சி. ரெண்டு வருசத்துக்கு மேல ஒன்னுமே இல்ல. போன வருசம் தைப்பூசம் முடிஞ்சி திரும்ப வந்துச்சி. மொதல்ல துளித்துளியா. இப்ப மாசத்துக்கு ரெண்டு வாட்டி கூட வருது. அவருகிட்ட மட்டுந்தான் சொன்னேன். கல்யாணமாகி இருவத்தெட்டு வருசம். ரெண்டு தங்காமப் போச்சு. பெறகு நிக்கவே இல்ல. வயசு திரும்பிடுச்சின்னா இப்பவாச்சும்..."

அவள் முகத்தில் இருந்த வெட்கம் கல்யாணம் பேசி முடித்த பெண்ணின் வெட்கம் போல இருந்தது.

நின்று ஒரு வருடம் கழிந்தபின் இரத்தம் வந்தால் அது வயது திரும்புவது அல்ல. கருப்பையில் புற்று இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மருத்துவம் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பிரமிளா அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொற்கள் ஒவ்வொன்றாக நழுவின. கடைசியில், "ஸ்கேன் எடுத்துப் பாத்துடுவோம்" என்றாள்.

கண்மணியின் முகம் மலர்ந்தது. "புள்ளைக்கா?"

"இல்லக்கா. உள்ள எப்படி இருக்குன்னு பாக்க."

அறையின் மறுபக்கம் சபுரா அசையாமல் நின்றிருந்தாள். கண்மணியைப் பக்கத்து அறையில் படுக்க வைத்துவிட்டு வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "டாக்டர், இவங்க நம்ம லிஸ்ட்ல இருக்காங்க. நான்தான் கேட்டேன்."

அலமாரியைத் திறந்து எடுத்தார்கள். எண்பத்தேழாம் படிவம். போன வருடம் ஏப்ரல் மாதத் தேதி. 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்களுக்கு மாதவிடாய் வந்ததா?' ஆம். அதற்கு எதிரே கணினியில் ஏற்றுவதற்காகப் பிரமிளா தன் கையாலேயே எழுதிய குறிப்பு: 'நிற்காதவர்'. வெப்பப் பாய்ச்சல்? இல்லை.

ஒரு பொய்யும் இல்லாத படிவம். பதினாலு மாதமாக அந்த அலமாரியில் இருந்திருக்கிறது.

"நான் கேட்டதுக்கு அவங்க சொன்னத எழுதினேன் டாக்டர்" என்றாள் சபுரா. அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "நின்னு திரும்பி வந்துச்சான்னு கேள்வியில இல்லையே."

"இல்லதான்" என்றாள் பிரமிளா. "நான்தான் வைக்கல."

ஸ்கேனில் கருப்பையின் உள்சுவர் இருக்க வேண்டியதைவிட நாலு மடங்கு தடித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசரக் கடிதம் எழுதினாள். சதையில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று கண்மணிக்கு விளக்கினாள். கண்மணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இரண்டாவது தேதியிலும் போகவில்லை. போனையும் எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பிரமிளாவும் சபுராவும் ஹேசல்டனுக்குப் போனார்கள். தோட்டத்தில் இப்போது பாதி வீடுகளில் வங்காளதேசத்து ஆட்கள். தமிழ்க் குடும்பங்கள் கடைசி வரிசையில் இருந்தன. கண்மணியின் கணவன் சின்னையா டிராக்டர் ஓட்டுகிறவன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் கேட்டான்.

"புள்ளையா, நோயா டாக்டர்? ஒன்னச் சொல்லுங்க. ரெண்டு வாரமா இது சாப்பிடல."

"நோயின்னு நெனைக்கிறேண்ணே. உறுதியாத் தெரியல."

"உறுதியாத் தெரியாமலா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"உறுதியாத் தெரிஞ்சிக்கத்தான் கூப்பிடுறோம்."

கண்மணி உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை. "அங்க போனா எடுத்துடுவாங்க. எனக்குத் தெரியும். பக்கத்து டிவிசன்ல ஒருத்திக்கு அப்படித்தான் எடுத்தாங்க. எடுத்துட்டா பெறகு என்னா இருக்கு?"

"நீங்க இருப்பீங்கக்கா" என்றாள் சபுரா சட்டென்று.

வெளியில் யாரோ மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ண முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னையா, "நாளான்னைக்கு நான் லீவு கேட்டுட்டேன்" என்றான். மனைவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான். "சேந்து போவோம். எனக்கு நீ போதும்."

துணுக்குச் சோதனையில் புற்று என்று வந்தது. ஆனால் கருப்பையைத் தாண்டவில்லை. ஆகஸ்டில் கிள்ளானில் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தார்கள். ஒரு வாரத்தில் கண்மணி எழுந்து நடந்தாள். வேறு சிகிச்சை தேவையில்லை, தொடர்ந்து சோதித்து வந்தால் போதும் என்றார்கள். பிழைத்தாள் என்று சொல்லிவிடலாம்.

பிரமிளாவுக்கு நிம்மதி வரவில்லை. மீதிப் படிவங்களில் இன்னும் எத்தனை கண்மணிகள்? சபுராவும் அவளும் நூற்றுப் பதினேழு பேரையும் மறுபடி தேட ஆரம்பித்தார்கள். நின்று திரும்பி வந்ததாக இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். ஒருத்திக்குச் சாதாரணச் சதை வளர்ச்சி. இன்னொருத்தி மகளோடு ரவாங்குக்குக் குடிபோயிருந்தாள். அவளைக் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. பரிசோதித்ததில் ஒன்றும் இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் பிரமிளா சாப்பிட்டது ருசித்ததா என்று அவளுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு காலை தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பதினைந்து பெண்கள் கூடினார்கள். பிரமிளா படிவத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "வெப்பப் பாய்ச்சல்னு மிஸ்ஸி கேட்டப்ப என்னா நெனச்சீங்க?" என்று கேட்டாள்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கும் வேலையிலிருந்த புஷ்பவள்ளிதான் பேசினாள். "கரண்டு சமாச்சாரம்னு நெனச்சேன் டாக்டரம்மா. வீட்டுல கரண்டு பாஞ்சிருக்கான்னு கேக்குறாங்கன்னு. எங்க வீட்டுல அப்படி ஒன்னும் இல்லன்னு சொன்னேன்."

"நான் ஏதோ தண்ணி பாய்ச்சுறதுன்னு நெனச்சேன்" என்றாள் இன்னொருத்தி.

மண்டபமே சிரித்தது. பிரமிளாவும் சிரிக்கப் போனாள். அப்போது நெஞ்சுக்கூட்டிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்துக்கு ஏறியது. முகம் பற்றிக்கொண்டது. முடிக்கற்றை நெற்றியில் ஒட்டியது, ரவிக்கை முதுகில் நனைந்தது. சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, "இங்க காத்தே இல்ல" என்றாள்.

"காத்து இல்லையா? காத்தாடி உங்க தலைக்கு மேலதான சுத்துது" என்றாள் புஷ்பவள்ளி. கிட்ட வந்து, கூச்சமில்லாமல் பிரமிளாவின் புறங்கையைத் தொட்டுப் பார்த்தாள். "இதான டாக்டரம்மா காந்தல்? உடம்பு திகுதிகுன்னு காந்தும், பெறகு வேர்த்து ஊத்தி வுட்டுடும். உங்களுக்கு எத்தன மாசமா இருக்கு?"

பிரமிளா விசிறுவதை நிறுத்தினாள். நாலு முறை வந்துபோன ஏர்கோன்காரரும் மூளை ஸ்கேனும் தொலைந்த சொற்களும் ஒன்றாக வந்து அவள் முன் நின்றன. மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடம் முன்னாலேயே இதெல்லாம் ஆரம்பித்துவிடும் என்று எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறாள். படிவத்தைச் சோதித்துப் பார்க்க முதன்முதலில் நிரப்பியவளும் அவள்தான். வெப்பப் பாய்ச்சல்? இல்லை என்று குறித்திருந்தாள்.

"அப்ப உங்களுக்கெல்லாம் இது வருதா?" என்றாள் கடைசியில்.

"வராமயா?" என்றாள் புஷ்பவள்ளி. "அத யாரு கேட்டா?"

காரில் திரும்பினார்கள். சுங்கை புரோங் வயல்களில் அறுப்பு முடிந்து தாள் கிடந்தது.

"ஆறு மாசமா எனக்குச் சந்தேகம் டாக்டர்" என்றாள் சபுரா.

"எத?"

"உங்களுக்கு வந்துடுச்சோன்னு."

"பெறகு ஏன் சொல்லல?"

"நீங்கதான ஸ்பெஷலிஸ்ட்டு. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு விட்டுட்டேன்."

அன்று மாலை லோகேஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் கரண்டு விஷயத்தில்தான் நின்றார். "பாய்ச்சல் அழகான சொல்லு பிரமி" என்றார், அடிபட்டவர் போல. பிறகு நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "சாப்பிடும்போது திடீர்னு எழுந்து போய் ஐஸ்பெட்டிய தொறந்துட்டு நிப்பியே, அதுவா இது?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். கல்யாணமான மூன்றாவது வருடத்தில் கேட்க வேண்டிய கேள்வியை இருபதாவது வருடத்தில் கேட்பது போல அவர் முகம் இருந்தது.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் சசிகுமாருக்குப் போன் போட்டு, அந்த முடிவை எழுதி ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னாள். நெறிமுறைக் குழுவுக்கும் நடந்ததை எழுதியிருந்தாள். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"எல்லா விதிப்படியும் மொழிபெயர்த்தோம் பிரமிளா. பரிசோதிச்சோம். அப்புறம் தப்பு எங்க?"

"அதுதான் எனக்கும் புரியல சார். விதியில தப்பு இல்ல. சபுரா எழுதினதுல தப்பு இல்ல. பதில்லயும் தப்பு இல்ல. ஆனா முடிவு தப்பு."

"அப்ப எதை நம்புறது?"

அன்றிரவே அவள் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி அனுப்பினாள். கட்டுரை திரும்பி வந்தது. மாநாட்டில் கண்கலங்கிய பேராசிரியை மட்டும் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார், அந்த முடிவைத் தன் பாடங்களில் சேர்த்துவிட்டதாகவும் இப்போது என்ன செய்வது என்றும். பிரமிளா மூன்று முறை பதில் எழுதி அழித்தாள்.

நவம்பரில் கண்மணி சர்க்கரை மாத்திரைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். சினைப்பைகளை எடுத்ததில் காந்தல் இப்போது அவளையும் விடாமல் பிடித்திருந்தது. புற்று வந்த உடம்பு என்பதால் ஹார்மோன் மருந்து கொடுக்கத் தயங்கி, பிரமிளா வேறு மாத்திரை எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவை வைத்தாள். சொல்லியாக வேண்டும் என்று ஐந்து மாதமாக மனதில் இருந்ததைச் சொன்னாள்.

"அக்கா, போன வருசம் ஏப்ரல்ல மிஸ்ஸி வந்து உங்ககிட்ட கேள்வி கேட்டாங்க இல்லையா? தூரம் வருதுன்னு நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நாங்க எழுதியும் வச்சோம். நின்னு திரும்பி வந்துச்சான்னு கேக்க எனக்குத் தெரியல. கேட்டிருந்தா அப்பவே கண்டுபுடிச்சிருக்கலாம். பதினாலு மாசம் வீணாப் போயிடுச்சி. என் தப்புக்கா."

கண்மணி மாத்திரைப் பையின் வாயை முறுக்கி முறுக்கிப் பிரித்தாள்.

"வீணாலாம் போகல" என்றாள்.

"என்னாக்கா?"

"அந்தப் பதினாலு மாசமும் நான் நல்லா இருந்தேன் டாக்டரம்மா. அவரு வேல விட்டு வரும்போது மாங்கா வாங்கியாருவாரு. ஒன்னும் இல்லாதப்பவே. ரெண்டு பேரும் பேரு கூட..." நிறுத்திக்கொண்டாள். "சரி, எனக்கு நம்பர் கூப்பிட்டாங்க, மருந்து வாங்கணும்" என்று எழுந்து போய்விட்டாள்.

அது மன்னிப்பா, அப்போதே சொல்லாமல் விட்டதற்கு நன்றியா, அல்லது கருப்பையை ஏன் எடுத்தீர்கள் என்ற குற்றச்சாட்டா? பிரமிளாவால் பிரித்தறிய முடியவில்லை. லோகேஸ்வரனிடம் கேட்டாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் அர்த்தம் என்றார். சபுராவிடம் கேட்டாள். "அவங்க மன்னிக்கவே மாட்டாங்க டாக்டர், ஆனா கோவமும் இல்ல" என்றாள். இரண்டும் சரியாகப் பட்டன.

புதிய படிவத்தில் 'காந்தல்' என்று போட்டார்கள். நின்று திரும்பி வந்ததா என்ற கேள்வியை முதல் கேள்வியாக வைத்தார்கள். கண்டுபிடிக்க முடிந்த நூற்று நாலு பேரில் எழுபத்தொரு பேர் காந்துகிறது என்றார்கள். பிரமிளாவுக்கு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷம். மறுநாள் சபுரா ஒரு சோதனை செய்தாள். கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் பதினைந்து பேரிடம் அதே கேள்வியைக் கேட்டாள். ஒன்பது பேர், "எனக்கும் காந்துது மிஸ்ஸி" என்றார்கள். வெயிலில் நின்றவனுக்கும் காந்தும், சர்க்கரைக்காரன் பாதத்திலும் காந்தும், உறைப்பாகச் சாப்பிட்டவனுக்கும் காந்தும். முதலில் மூன்றே மூன்று, இப்போது ஊர் முழுக்க. இரண்டு எண்ணுக்கும் நடுவில் உண்மை எங்கே நிற்கிறது என்று பிரமிளா இன்றுவரை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவள் தனக்கு மருந்து எடுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். வேறொரு மருத்துவரிடம் போய், நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒப்பித்துத்தான் வாங்கினாள். சொற்கள் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டன. கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால் போகிறாள், ஆனால் தோட்டத்துப் பெண்கள் இப்படி, பட்டணத்துப் பெண்கள் அப்படி என்று பேசுவதை விட்டுவிட்டாள். தன் படிவம் ஒரு பெண்ணின் இரத்தப்போக்கை எப்படிப் பதினாலு மாதம் தெரிந்தும் தெரியாமல் வைத்திருந்தது என்று, பெயர் சொல்லாமல், நாலு பக்கத்தில் எழுதினாள். அது ஒரு சிறிய இதழில் வந்தது. அவளுக்கு யாரும் கைதட்டவில்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து பதினோரு தாதிகள் கடிதம் எழுதியிருந்தார்கள்.

இந்த வருடம் பிப்ரவரியில் ஹேசல்டனிலிருந்து இரண்டு பெண்கள் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். இருவரும் மருந்தடிக்கிறவர்கள். அப்போய்ன்ட்மென்ட் இல்லை. சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை.

"கண்மணியக்கா போவச் சொன்னாங்க" என்றாள் மூத்தவள்.

"என்னா சொல்லி அனுப்பினாங்க?" என்று பிரமிளா கேட்டாள்.

அந்தப் பெண் சபுராவையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "கோவிச்சிக்காதீங்க டாக்டரம்மா. 'அந்த டாக்டரம்மா நல்லதுதான், ஆனா அதுக்கு ஒழுங்கா கேக்கத் தெரியாது. அது கேக்குற வரைக்கும் இருக்காதீங்க, நீங்களே எல்லாத்தையும் சொல்லிடுங்க'ன்னாங்க."

சபுரா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அடக்கிய சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

பிரமிளா படிவத்தை இழுப்பறைக்குள் தள்ளினாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். "சரி" என்றாள். "சொல்லுங்க."